சப்பைக்குள்ளை கிடந்த ஈயம்

1

நேற்றைக்கு எங்கடை வேட்டைக் கூட்டத்தின்ரை இந்த வருசத்து முதல் வேட்டை. போன வருசம் இதே வேட்டையிலைதான் என்ரை பேரை நாறடிச்சவங்கள். ஒரு வருசமாக் கறுவிக்கொண்டு திரிஞ்சனான். நேற்றோடை அது முடிஞ்சுது. எப்பிடி முடிஞ்சுது எண்டு எழுதத்தான் இப்ப இருக்கிறன். ஊரிலை இருந்து வாசிக்கிற நீங்கள், "உவன் டென்மார்க்குக்குப் போய் இவ்வளவு காலமாகியும் திருந்தேல்லை" எண்டு சொல்லுவியள். சொல்லுங்கோ, எனக்கு ஒண்டும் குறையாது.

என்ரை பேர் குணராசா. ஹொல்ஸ்டெப்ரோவிலை யன்னல் செய்யிற பக்டரியிலை வேலை. டெனிஷ்காரருக்கு என்ரை பேர் வாயிலை நுழையாது, குன்னார் எண்டு கூப்பிடுவினம். முதலிலை கோவம் வந்தது, பிறகு பழகிப்போச்சு. எங்கடை ஆக்கள் வைச்ச பேர் வேட்டைக்காரன். கோயிலிலை கண்டால், "என்ன வேட்டைக்காரன், இண்டைக்குக் காட்டுக்குப் போகேல்லையோ?" எண்டு நக்கலடிப்பினம். பிறகு வீட்டை வந்து ஒரு கறிக்கு இறைச்சி கேப்பினம்.

இஞ்சை காடுகளிலை க்ரோன்யோர்ட் எண்டு ஒரு மிருகம் இருக்கு. எங்கடை வன்னி மரைக்குத் தமையன் முறை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. கொம்பு வைச்ச ஆண் நிண்டால் ஒரு மாட்டளவு. எனக்கு அந்த டெனிஷ் சொல்லு எழுதி எழுதி அலுத்துப்போச்சு. இனி மரை எண்டே எழுதுறன்.

2

துவக்கு வைச்சிருக்க வேணுமெண்டால் இஞ்சை சோதினை எடுக்கவேணும். முதல் எழுத்துச் சோதினை, பிறகு சூட்டுச் சோதினை. எழுத்துச் சோதினைக்கு டெனிஷிலை எந்தப் பறவைக்கு என்ன பேர், எதின்ரை காலடி எப்பிடி எண்டெல்லாம் பாடமாக்கினன். என்ரை மகள் அபி அப்ப பள்ளிக்கூடம். நான் தாராப் பறவையின்ரை பேரைப் பிழையாச் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் தமிழிலை கேப்பன், அவள் டெனிஷிலை மறுமொழி சொல்லுவாள். அண்டையிலை இருந்து இண்டைவரைக்கும் அதே கதைதான்.

பிறகு பொலிசின்ரை அனுமதி. அங்கை இருந்த ஒரு மனுசி என்ரை பிறந்த இடத்தைப் பாத்திட்டு, "அங்கை ஆயுதம் தூக்கினனீங்களோ?" எண்டு கேட்டா. "தூக்க விருப்பமில்லாமல்தான் இஞ்சை ஓடிவந்தனான்" எண்டன். மனுசி சிரிக்கேல்லை. அதையும் எழுதினா.

துவக்கு வாங்கிறது பெரிய காரியமில்லை. குண்டு தெரியிறதுதான் காரியம். அது கலியாணப் பேச்சு மாதிரி. ஒரு துவக்குக்குப் பொருந்தின குண்டு பக்கத்து வீட்டுத் துவக்குக்குப் பொருந்தாது. கடைக்காரன் நல்லது எண்டு சொல்லுறதைக் கொண்டுபோய்ச் சுட்டுப் பாத்தால், கடுதாசியிலை ஒண்டு கிழக்கை, ஒண்டு மேற்கை.

சின்னக் குண்டு வேகமாப் போகும். சின்ன மானுக்கு அது காணும். ஆனால் மரையின்ரை தோள் எலும்பு எங்கடை வீட்டு உலக்கை மொத்தம். மெல்லிசான ஈயக் குண்டு கிட்டத்திலை வைச்சு அந்த எலும்பிலை பட்டால், அப்பிடியே சிதறிப்போம். வெளியிலை பாத்தால் பயங்கரக் காயம், நெஞ்சுக்குள்ளை ஒண்டும் போயிராது. மிருகம் மூண்டு காலிலை ஓடி எங்கையோ ஒரு பத்தைக்குள்ளை கிடந்து வதைபடும். மற்றது, குண்டு அளவுக்கு மிஞ்சிக் கட்டியாய் இருந்தால் விரியாமல் ஊசி மாதிரிப் போய் அங்காலை வந்திடும். அப்பவும் ஓடும். சரியான குண்டு எலும்பை உடைச்சு, நெஞ்சுக்குள்ளை விரிஞ்சு, துண்டுபடாமல் மற்றப் பக்கத்தாலை வெளியிலை போகவேணும். ரெண்டு பக்கமும் துவாரம் இருந்தால் இரத்தம் நிலத்திலை ஊத்துப்படும், தேடிப்போற நாய்க்கும் வழி விளங்கும்.

இதுக்குள்ளை ஈயக் குண்டுக்குத் தடை வந்தது. இனிச் செம்புதான். கூட்டத்திலை எல்லாரும் செத்தவீடு மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டினம். நான் மட்டும் அந்தக் கோடை முழுக்கச் சூட்டுத் திடலிலை நிண்டு, ஒவ்வொரு செம்புக் குண்டாச் சுட்டுப் பாத்தன். வசந்தி, அவ என்ரை மனுசி, "கலியாணம் கட்டேக்கை என்னை இவ்வளவு பாத்தனீங்களோ?" எண்டு கேட்டா. கடைசியிலை பாரம் கூடின ஒரு செம்புக் குண்டு என்ரை துவக்கோடை ஒத்துப்போச்சு. கிட்ட வைச்சுத்தான் சுடவேணும், தூரத்திலை வேகம் குறைஞ்சால் விரியாது. எனக்கு அது சரி. நான் தூரத்துக்குச் சுடுறவன் இல்லை.

அதைப் பற்றிக் கூட்டத்திலை கொஞ்சம் அதிகமாக் கதைச்சுப்போட்டன் போலை. வேட்டைத் தலைவர் யோர்கனுக்கு அது பிடிக்கேல்லை. யோர்கன் இந்தக் காட்டிலை பிறந்து வளந்த மனுசன், என்னிலும் வயசு கூட. கூட்டத்தை இவ்வளவு காலமும் நடத்தினது அவர்தான். "செம்பு ராசா வாறார்" எண்டு என்னைக் கண்டால் சொல்லுவார். மற்றவை சிரிப்பினம். நானும் சிரிச்சன், என்ன செய்யிறது.

3

போன வருச வேட்டைக்கு வாறன். கிறிஸ்மஸ் மரக் காடு, விடிய மூடுபனி. ஆக்கள் கொஞ்சப் பேர் ஒரு பக்கத்தாலை காட்டைக் கலைச்சுக்கொண்டு வருவினம், துவக்குக்காரர் மற்றப் பக்கத்திலை அவரவர் இடத்திலை நிப்பினம். எனக்குப் பக்கத்து நிலை யோர்கனுக்கு.

முதல் யோர்கனின்ரை பக்கத்திலை வெடி கேட்டது. கொஞ்சத்தாலை என்ரை முன்னாலை ஒரு பெரிய ஆண் மரை வந்தது. முன்னங்கால் ஒண்டு தொங்குது. காயப்பட்ட மிருகத்தை விடக்கூடாது, அது சட்டமும்தான், மனிசத்தனமும்தான். ஓட ஓடச் சுட்டன். படேல்லை. குண்டு போய் ஒரு வெள்ளைப் பேர்ச் மரத்திலை பாய்ஞ்சுது. மரை காட்டுக்குள்ளை மறைஞ்சிட்டுது.

நாய்க்காரி கிர்ஸ்டனைக் கூப்பிட்டம். காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் பிடிக்கிறதுதான் அவவின்ரை வேலை. வாய் திறந்து ரெண்டு சொல்லுக்கு மேலை கதைக்காத மனுசி. மத்தியானம் திரும்பினாப் பிறகுதான் நாய் மரையைக் கண்டுபிடிச்சுது. ஒரு வாய்க்காலுக்குள்ளை இன்னும் உயிரோடை கிடந்து மூச்சு வாங்கிச்சுதாம். கழுத்திலை ஒரு வெடி வைச்சு கிர்ஸ்டன் அதின்ரை வேதனையை முடிச்சா.

எல்லாரும் மரையைச் சுத்தி நிண்டம். யோர்கன் நெருப்புப் போலை என்னைப் பாத்தார். "நான் சுட்டது மரத்திலை பட்டது. குன்னாரின்ரை செம்பு ஆணிதான் தோளிலை பட்டது. பாருங்கோ, விரியாமல் கொள்ளாமல் மிருகத்தை எப்பிடி வதைச்சிருக்கு" எண்டார். நான், "யோர்கன், எனக்கு முன்னாலை வரேக்கையே அது நொண்டிச்சுது. மரத்திலை பட்டது என்ரை" எண்டன். ஆர் கேட்டது? அவர் அவ்வளவு காலத் தலைவர், நான் குன்னார். ஒருத்தர் என்ரை முதுகிலை தட்டி, "எல்லாருக்கும் நடக்கிறதுதான்" எண்டார். அந்தத் தட்டு இண்டைவரைக்கும் எரியுது.

யோர்கன் தானே நிண்டு மரையை வெட்டினார். காயம்பட்ட முன்சப்பையை, தோளும் முன்னங்காலும் சேர்ந்த துண்டை, அறுத்து ஒரு பக்கத்திலை எறிஞ்சார். இஞ்சத்தைய ஆக்கள் காயத்தைச் சுத்தியுள்ள இறைச்சியைத் தொடமாட்டினம், நரிக்குத்தான் போடுவினம். நான் வருசா வருசம் சப்பை, கழுத்து, நெஞ்செலும்பு எல்லாம் கேட்டு எடுக்கிறனான். அண்டைக்கும் கேட்டன். அவர் சிரிச்சுக்கொண்டு என்ரை பைக்குள்ளை போட்டார். "கொண்டுபோ, நீங்கள் எலும்பையும் அவிச்சுத் தின்னுற ஆக்கள்தானே."

அடுத்த கிழமை குறுஞ்செய்தி வந்தது. இந்தப் பருவம் முடியுமட்டும் எனக்கு வேட்டையிலை இடமில்லையாம். செம்புக் குண்டிலை சரியான அறிவு இல்லாதவர் எண்டு கூட்டம் நினைக்குதாம். கீழை இன்னொரு வரி: "ஆனால் வருசமுடிவுச் சாப்பாட்டுக்கு வழமைபோலை நீ கறி சமைப்பாய்தானே? எல்லாருக்கும் உன்ரை கறி விருப்பம்."

வாசிச்சிட்டு நான் பக்டரிச் சாப்பாட்டறையிலை அப்பிடியே இருந்தன். வேட்டைக்காரன் இல்லையாம், குசினிக்காரன். "ஓம், சமைக்கிறன்" எண்டு மறுமொழி போட்டன். ஏன் போட்டன் எண்டு எனக்கே அப்ப தெரியாது. வயித்தெரிச்சலிலை போட்டன்.

4

எனக்கு ஐயாவின்ரை ஞாபகம் வந்தது. ஒட்டுசுட்டான் பக்கம் எங்கடை வீடு. ஐயாவிட்டை ஒரு இடியன் துவக்கு இருந்தது. மருந்தை இடிச்சு, தான் உருக்கி வார்த்த ஈயக் குண்டைப் போட்டுக் காட்டுப்பண்டி சுடுவார். ஒருக்கால் பக்கத்து வயலிலை ஒரு எருமை சூடுபட்டுச் செத்துக் கிடந்தது. வயல்காரன் பெரிய புள்ளி, கடைத் தோட்டா போடுற துவக்கு வைச்சிருந்தவன். தன்ரை நெல்லுக்குள்ளை நிண்ட எருமையைத் தானே சுட்டுப்போட்டு, ஐயாதான் சுட்டது எண்டு ஊர் முழுக்கக் கதை கட்டினான்.

எருமையை வெட்டிப் பாத்திருந்தால் உள்ளை கிடந்தது கடைச் சன்னம் எண்டு தெரிஞ்சிருக்கும். ஐயாவின்ரை குண்டு இலந்தைக்கொட்டை அளவு. ஆனால் எங்கடை ஊரிலை எருமையை ஆர் வெட்டினது? குழி தோண்டித் தாட்டினம். அதோடை உண்மையையும் தாட்டாச்சு. ஐயா துவக்கை ஊர் அதிகாரி விதானையாரிட்டைக் குடுத்திட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். பிறகு சாகுமட்டும் காட்டுப்பக்கம் போகேல்லை. அம்மா கேட்டால், "விடு, கடவுள் பாத்துக்கொள்ளுவார்" எண்டு சொல்லுவார்.

கடவுள் பாத்தாரோ இல்லையோ, வயல்காரன் நல்லா வாழ்ந்துதான் செத்தான். எனக்கு அந்தப் பொறுமை வேண்டாம் எண்டு அண்டைக்கே நினைச்சனான்.

5

அந்தச் சப்பை எங்கடை ஃப்ரீசருக்குள்ளை கிடந்தது. வசந்தி கந்தசட்டி விரதம். அந்த நாளுகளிலை வீட்டுக்குள்ளை மச்சம் மாமிசம் எண்ட பேச்சே இருக்கக்கூடாது, ஃப்ரீசர் கதவிலை கூட என்ரை கை படக்கூடாது. விரதம் முடிஞ்சு பாறணையும் ஆனாப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியிலை எடுத்தன். எங்கடை வழக்கப்படி எலும்போடை துண்டு துண்டாக் கொத்தி, இரத்தம் கண்டின இடத்தை உப்புத் தண்ணியிலை ஊறவைச்சுக் கழுவி, யாழ்ப்பாணத் தூள் போட்டு வத்த வைச்சன். அண்டைக்கு அபியும் ஓர்ஹூஸிலை இருந்து வந்திருந்தாள். அவள் அங்கை சட்டம் படிக்கிறாள், இறைச்சி தின்னுறதை விட்டிட்டாள். பருப்போடை சோறு தின்னுகொண்டு இருந்தாள்.

வசந்தி எலும்பைச் சப்பிக்கொண்டு இருந்தவ, திடீரெண்டு நிப்பாட்டிக் கையிலை துப்பினா. "என்னப்பா, அரிசியிலை கல்லு" எண்டா. நான் வாங்கிப் பாத்தன். கல்லில்லை. சாம்பல் நிறத்திலை, நசிஞ்ச ஒரு துண்டு. நகத்தாலை அழுத்த அடையாளம் விழுந்தது.

ஈயம்.

நான் சட்டியை அப்பிடியே மேசையிலை கவிட்டன். வசந்தி "விசரே உங்களுக்கு" எண்டு கத்தினா. ஒவ்வொரு எலும்பாப் பிரிச்சுப் பாத்தன். மூட்டுக்குள்ளை இன்னும் துண்டுகள். ஒண்டிலை குண்டின்ரை மேல்தகடு சுருண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சின்ன, மெல்லிசான, தடைபோட்ட ஈயக் குண்டு, எலும்பிலை பட்டுச் சிதறியிருக்கு. செம்பு இப்பிடிச் சிதறாது. பழைய பெட்டிகளை எறிஞ்சாச்சு எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்ன யோர்கன், ஒரு பெட்டியை நிலவறையிலை ஒளிச்சு வைச்சு, அதாலைதான் மரையைச் சுட்டிருக்கிறார். அதைத் தன்ரை கையாலையே என்ரை பைக்குள்ளை போட்டும் விட்டிருக்கிறார். எலும்பை நாங்கள் தின்னுற ஆக்கள் எண்டு தெரிஞ்ச மனுசனுக்கு, தின்னேக்கை என்ன பல்லிலை கடிபடும் எண்டு மட்டும் தெரியேல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மகள் டெனிஷிலை, "அப்பா, விடுங்கோ. அவையள் ஒரு கூட்டம் கிழவர்" எண்டாள். நான், "உன்ரை அப்பப்பா விட்டவர். நான் விடமாட்டன்" எண்டன். அவளுக்கு எருமைக் கதையைச் சொன்னன். அதுக்கு முதல் சொன்னதே இல்லை. கேட்டிட்டுச் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சாள். பிறகு, "துண்டுகளைக் கழுவாதேங்கோ. எலும்போடையே ஃப்ரீசரிலை வையுங்கோ" எண்டாள். அது மட்டும் தமிழிலை சொன்னாள்.

6

வருசமுடிவுச் சாப்பாடு ஊர் மண்டபத்திலை. சாப்பாட்டுக்குப் பிறகு வேட்டை நீதிமன்றம் எண்டு ஒரு பகிடி நடத்துறது இவையின்ரை வழக்கம். ஒரு கிழவர் யன்னல் சீலையைப் போர்த்துக்கொண்டு நீதவானா இருப்பார். அந்தப் பருவத்திலை பிழைவிட்ட ஆக்களைக் கூப்பிட்டுக் குற்றம் வாசிச்சு, தண்டனையாச் சாராயம் குடிக்கவைப்பினம். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பினம்.

நான் குசினியிலை ஏப்ரனோடை நிக்கிறன். கறிச்சட்டியை வழிச்சுத் துடைச்சாச்சு. "குன்னார், வெளியிலை வா" எண்டு கூப்பிட்டினம். நீதவான் எழும்பி வாசிச்சார்: காட்டின்ரை ராசாவைச் செம்பாணியாலை வதைச்ச குற்றத்துக்கு, ஆயுள் முழுக்கக் கறி சமைக்கவேணும் எண்டு தீர்ப்பு. மண்டபம் அதிர்ந்து சிரிச்சுது. யோர்கன் மேசையிலை அடிச்சுச் சிரிச்சார். கண்ணாலை தண்ணி வந்தது அவருக்கு.

நான் அபி சொல்லித்தந்த வசனத்தைச் சொன்னன்: "நான் மேன்முறையீடு செய்யிறன்." அதுக்கும் சிரிச்சினம். நான் குசினிக்குள்ளை போய் ஒரு வெள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து கிர்ஸ்டனுக்கு முன்னாலை வைச்சன். அதிலை அந்தத் தோள் மூட்டு, ஈயத் துண்டுகள், பக்கத்திலை என்ரை செம்புக் குண்டு ஒண்டு. "யோர்கன் எனக்குத் தந்த சப்பையிலை இருந்தது. இது என்ன எண்டு சொல்லுங்கோ" எண்டன்.

கிர்ஸ்டன் கண்ணாடியைப் போட்டு, துண்டை எடுத்து, கத்தி நுனியாலை கீறிப் பாத்தா. "ஈயம்" எண்டா. யோர்கன், "பழைய காயமாயிருக்கும். ஆரோ முந்திச் சுட்டது" எண்டார். கிர்ஸ்டன் அவரைப் பாக்காமலே, "பழைய காயம் இல்லை. அந்த மரையிலை ரெண்டு காயம்தான். கழுத்திலை பட்டது என்ரை" எண்டா.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் தெரிஞ்சுகொள்ளவேணும். இந்த நாட்டிலை ஆரும் சண்டை பிடிக்கமாட்டினம். மூலையிலை இருந்து ஒருத்தர், "சரி, இப்ப கோப்பி குடிப்பமே?" எண்டார். எல்லாருக்கும் உயிர் வந்த மாதிரி. கதிரையள் இழுபட்டுது. அப்பிடியே கோப்பிக்குள்ளை கரைச்சுப்போடப் பாத்தினம்.

ஆனால் கோப்பி என்ரை குசினிக்குள்ளையெல்லோ இருக்கு. நான் போய்க் குசினி வாசலிலை நிண்டன். "முதல் தீர்ப்பு. பிறகு கோப்பி" எண்டன். யன்னல் சீலைக் கிழவர் என்னைப் பாத்தார், குசினியைப் பாத்தார். கோப்பி இல்லாமல் இவையாலை ஒரு மணித்தியாலம் இருக்கேலாது, அது எனக்குத் தெரியும். அவர் சீலையைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டு, பகிடிக் குரலை விட்டிட்டு, "யோர்கன், நீ எதாலை சுட்டனி?" எண்டு கேட்டார்.

யோர்கன் தன்ரை சாராயக் கிளாசைக் கவிட்டு வைச்சார். "கடைசிப் பெட்டி" எண்டார். "அது ஒண்டுதான் மிச்சம் இருந்தது."

பொலிசிலை சொல்லப்போறியோ எண்டு என்னைக் கேட்டினம். இல்லை எண்டன். பெருந்தன்மை எண்டு நினைச்சினம் போலை, ஒருத்தர் என்ரை தோளிலை கை போட்டார். பெருந்தன்மை ஒண்டும் இல்லை. பொலிசிலை குடுத்தால் தண்டனை ஒரு கந்தோருக்குள்ளை நடக்கும், எனக்குப் பாக்கக் கிடைக்காது. நான் கேட்டது வேறை. வாற வருசம் முழுக்க யோர்கன் துவக்குத் தொடக்கூடாது, தடியோடை காடு கலைக்கவேணும். அவர் வழமையா நிக்கிற நிலையிலை நான் நிக்கவேணும். ஒத்துக்கொண்டினம். அதுக்குப் பிறகுதான் கோப்பியைக் கொண்டுவந்தன். யோர்கனுக்கும் நானே ஊத்தினன்.

7

நேற்று விடியவும் மூடுபனிதான். யோர்கனின்ரை நிலையிலை நிண்டன். துவக்குக்குள்ளை அதே செம்பு. தூரத்திலை தடியாலை மரத்திலை தட்டுற சத்தம் கேட்டது. "ஹொப், ஹொப்" எண்டு கூப்பிடுற அந்தக் குரலை எனக்கு நல்லாத் தெரியும். மனம் குளிர்ந்து போச்சு. பொய் சொல்லமாட்டன், அப்பிடி ஒரு சந்தோசம்.

ஆண் மரை ஒண்டு சத்தத்துக்கு முன்னாலை ஓடிவந்து, பக்கவாட்டிலை திரும்பி நிண்டது. பின்னாலை மண்மேடு, ஆக்கள் ஒருதரும் அந்தப் பக்கம் இல்லை. தோளுக்குப் பின்னாலை சும்மா லேசான இடம் இருந்தது. நான் எலும்பைத்தான் பாத்தன். என்ரை குண்டு என்ன செய்யுமெண்டு எல்லாரும் பாக்கவேணும். சுட்டன். மரை ஒரு எட்டு எடுத்து வைச்சுது, அடுத்த எட்டுக்கு முதல் விழுந்தது.

கலைச்சுக்கொண்டு வந்த ஆக்களிலை முதல் கிட்ட வந்தது யோர்கன். இஞ்சை ஒரு வழக்கம் இருக்கு. மிருகத்துக்கு முதலிலை கிட்ட வாறவர் ஒரு பச்சைக் கொப்பை முறிச்சு, அதின்ரை இரத்தத்திலை தொட்டு, சுட்டவனுக்குக் குடுத்து வாழ்த்தவேணும். யோர்கன் தடியைக் கீழை வைச்சார். கொப்பை முறிச்சார். குனிஞ்சு தொட்டார். மற்றவையும் வந்து சுத்தி நிண்டினம். நான் தொப்பியைக் கழட்டேல்லை. அவரே கையை உயர்த்தி என்ரை தொப்பியிலை செருகட்டும் எண்டு நிமிந்து நிண்டன். செருகினார். "வாழ்த்துகள், குன்னார்" எண்டார்.

"குணராசா" எண்டன். அவர் கஷ்டப்பட்டு ஒருக்கால் சொல்லிப் பாத்தார்.

மரையை நான்தான் வெட்டினன். குண்டு ரெண்டு பக்கத்தாலையும் போயிருந்தது. உள்ளை ஒரு துண்டும் இல்லை. சூடுபட்ட முன்சப்பையை அறுத்து எடுத்துக்கொண்டு யோர்கனிட்டைப் போனன். எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டினம்.

"இது உங்களுக்கு" எண்டன். "எலும்போடை அவியுங்கோ. ஈயம் இல்லை, ஆறுதலாச் சப்பலாம்."

அவர் ரெண்டு கையாலையும் வாங்கினார்.